பூஜை போட்ட குழிக்குப் பச்சை

எங்கள் ஒரகடம் சைட்டில் கட்டடம் இரண்டு. ஒன்று மண்ணில் எழும்புவது, இன்னொன்று என் கம்ப்யூட்டரில் மாடலாக நிற்பது. வேலை முடிந்த இடத்துக்குப் பச்சை, முடியாத இடத்துக்குச் சிவப்பு என்று நான் நிறம் கொடுப்பேன். தொழிற்சாலையின் வெளிநாட்டு முதலாளிகள் வாராவாரம் அதைத்தான் பார்ப்பார்கள். மண்ணைப் பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்! நான் கான்ட்ராக்ட் ஆள். சீக்கிரமே நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் யதிராஜ் சார் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு தினமும் வந்தேன்.

ஆடி பிறந்தால் புது வேலை தொடங்கக் கூடாது. அதனால் ஆனியின் கடைசி முகூர்த்தத்தில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய பிரஸ் மெஷினுக்கான அஸ்திவாரக் குழியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, ஒரு சட்டி கான்கிரீட்டைக் கொட்டினார்கள். எல்லாருக்கும் கேசரி. யதிராஜ் சார் வாயைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"ஸஹானா, அந்த ஃபவுண்டேஷனைப் பச்சை பண்ணிடும்மா."

"சார், வெறும் குழி சார் அது. மஞ்சள்னு ஒரு கலர் வச்சு, ஆரம்பிச்சிருக்குன்னு போடட்டுமா?"

"மஞ்சள் போட்டா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. பூஜை போட்டாச்சு, முடிஞ்ச மாதிரிதான். மெஷின் வர்றதுக்குள்ள கொட்டிட மாட்டோமா? உன் கன்ஃபர்மேஷன் என் கையிலதான் இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். பச்சை ஆக்கினேன்.

மழை வந்தது. குழியில் தண்ணீர் நின்று தவளை கத்தியது. திரையில் மட்டும் பசேலென்று இருந்தது. அதைப் பார்த்து அவர்கள் மெஷினைக் கப்பலேற்றிவிட்டார்கள். ராட்சத டிரெய்லர் கேட்டில் வந்து நின்றபோது அதை இறக்கி ஊன்ற இடமில்லை.

கூட்டத்தில் வெளிநாட்டு அதிகாரி கத்தவில்லை. படம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் நம்பிவிட்டோம் என்றார். யதிராஜ் சார் என் பக்கம் கையை நீட்டி, மாடல் முழுக்க ஸஹானாவின் பொறுப்பு என்றார். அந்தக் கையைக் கடித்துத் துப்ப வேண்டும் போலிருந்தது எனக்கு.

"நீங்கதானே சார் பச்சை பண்ணச் சொன்னீங்க?"

"நானா? பூஜை ஆச்சுன்னுதானேம்மா சொன்னேன்."

கேசரி தின்றவர்கள் எல்லாரும் குனிந்து செல்போனைப் பார்த்தார்கள்.

மறுநாளே என்னை நிறுத்திவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் இல்லாமல் இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்காது. வெட்கத்தை விட்டு யதிராஜ் சார் அறைக்கே போய்க் கேட்டேன்.

"தர்றேம்மா, அதுக்கென்ன. உன் சீட்டுக்கு யுவஸ்ரீன்னு ஒரு பொண்ணு வந்திருக்கு. கலர் எப்படி மாத்தறதுன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போ."

யுவஸ்ரீ என் நாற்காலியில் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

"அக்கா, இன்னா ஆனா பச்சை போடணும்?"

"சார் சொன்னா."

அவள் எழுதிக்கொண்டாள்.