ஹன்சா பென்னின் தொண்டையில் நானூறு குரல்கள்

1986ஆம் வருடம் மார்ச் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் ஹன்சா கேலாணி தலால் தெருப் பங்குச்சந்தையின் வளையத்துக்குள் வலது காலை எடுத்துவைத்ததும், அங்கே விலை கூவிக்கொண்டும் சீட்டு எழுதிக்கொண்டும் இருந்த நானூறு ஆண்களின் குரல்களும் அவர்களை விட்டுக் கிளம்பி அவளுடைய தொண்டைக்குள் போய்ச் சேர்ந்தன. வெள்ளி விலையில் அன்று மாற்றமில்லை.

அவள் வந்த காரணம் சாதாரணமானது. கணவர் பிரமோத் அந்த வளையத்தில் பதினாறு வருடம் ஜாபராக நின்றவர். ஒரு பங்கை வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை என்று இரண்டையும் ஒரே மூச்சில் கூவி, நடுவிலிருக்கும் இடைவெளியில் வீட்டை நடத்தியவர். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபின் அவருக்குப் பேச்சு வரவில்லை. ஒரு மாதம் ஆள் நிற்காவிட்டால் அந்த மூலையை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள். காட்கோபரில் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஹன்சா வேலையை விட்டுவிட்டு, பிரமோத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் சிமன்லால் சங்ராஜ்கா வழிமறித்தார். சிமெண்ட் பங்குகளில் அவர் வைத்ததுதான் விலை. அவர் கூவினால் தெருக்கோடி வடா பாவ் கடைவரை கேட்கும். குஜராத்தியில் சகோதரி என்று பொருள்படும் ‘பென்’ சேர்த்தே கேட்டார்.

“என்ன பென், வழி தவறி வந்துட்டீங்களா? காய்கறி மார்க்கெட் அந்தப் பக்கம்.”

“தெரியும் சேட். அங்க இவ்வளவு கத்த மாட்டாங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் அவள் உள்ளே கால்வைத்தாள், குரல்கள் போயின. மின்விசிறிகளின் சத்தம் கேட்டது. அங்கே மின்விசிறி இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. நானூறு வாய்கள் திறந்து திறந்து மூடின. விலை சொல்லக்கூடியவள் ஒருத்திதான். சிமன்லாலோ கையில் இல்லாத ஐயாயிரம் சிமெண்ட் பங்குகளை விற்றுவைத்திருந்தார். அன்று இரண்டு மணிக்குள் வாங்கி ஈடுகட்டாவிட்டால் அவர் வீடு மிஞ்சாது. கடைசியாகக் கேட்ட விலை முந்நூற்று நாற்பத்தொன்று. ஹன்சா அறுநூறு என்று சொல்லியிருந்தாலும் மறுத்துக் கூவ ஆளில்லை. இது வளையம் முழுவதற்கும் தெரியும். சிமன்லால் ஐந்து விரல்களை உயர்த்திக்காட்டியபடி வியர்த்துப்போய் நின்றார்.

ஒரு மூட்டை நிலக்கடலையை விழுங்கினாற்போல இருந்தது என்று அவள் பிற்பாடு சொன்னாள். கம்பித் தடுப்புக்கு வெளியே நின்ற பிரமோத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

“முந்நூத்தி நாப்பதுக்கு வாங்குறேன்! நாப்பத்திரண்டுக்கு விக்கிறேன்!”

நானூறு குரல்களில் வந்த அந்த விலை ஃப்ளோரா நீரூற்றுவரை கேட்டது. சிமன்லால் விரல்களை இறக்காமலே அழுதார். இரண்டு மணிவரை அவள் எல்லாரிடமும் வாங்கினாள், எல்லாருக்கும் விற்றாள்; எந்தப் பங்கிலும் வழக்கமான இடைவெளிக்கு மேல் ஒரு பைசா வைக்கவில்லை. அதன்பிறகு அந்த வாசலில் அவளை யாரும் வழிமறித்ததில்லை.

மணி அடித்ததும் தும்மினாள். வெளியே வந்த குரல்கள் உரியவர்களைத் தேடவில்லை, பக்கத்தில் திறந்திருந்த வாய்களுக்குள் புகுந்துகொண்டன. சிமன்லாலின் குரல், வியாபாரச் சீட்டு சரிபார்க்கும் குமாஸ்தா தின்கர் சாவந்துக்குப் போனது. கேன்டீனில் டீ கேட்டால்கூட யாருக்கும் கேட்காத தின்கரின் குரல் சிமன்லாலுக்கு. ரோஹின்டன் பட்டிவாலா தனக்குக் கிடைத்த நிதானமான குரலோடு சிங்கப்பூர் போய் நாணய வியாபாரி ஆனார். நவ்சாரிக்காரர் ஒருவருக்கு விலை சொன்னாலே ராகமாக வந்ததால் பஜனைக்குப் போய்விட்டார். பிரமோத்துக்கும் ஒரு குரல் கிடைத்தது. கணக்குப்படி அது ஒன்று அதிகம்; யுத்தகாலத்தில் இறந்துபோன ஜாபர் ஒருவருடையது என்று வயதானவர்கள் அடையாளம் சொன்னார்கள். பிரமோத் அதன்பின் எல்லா விலையையும் அணாவில்தான் சொன்னார், வீட்டில் பழகிக்கொண்டார்கள். புகார்களை விசாரிக்கக் கமிட்டி ஒன்று மூன்றுமுறை கூடிக் கலைந்தது.

1995இல் வளையத்தை மூடிக் கணினி வைத்தார்கள். நுரையீரலை நம்பிப் பிழைத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நாற்பத்தாறு வயது ஹன்சா ஒரே வாரத்தில் விசைப்பலகை பழகினாள்; எட்டு வருடத்தில் பாந்த்ராவில் அவளிடம் முப்பது பேர் வியாபாரம் பார்த்தார்கள். அவர்களில் கடற்படைச் சமையல்காரர் ஒருவர், ரத்தம் பார்த்தால் மயங்கும் டாக்டர் ஒருவர். கூவ முடியாமல்போன சிமன்லால் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் படிக்க ஆரம்பித்து, வாங்கியதை விற்காமல் வைத்திருந்து, முன்னைவிடப் பணக்காரரானார். பெரிய குரல் வந்த தின்கர் முதலில் ஜாபரானார், பிறகு வெளிநாட்டு வங்கிக்குப் போனார். 2004இல் லண்டன் வியாபாரப் பிரிவுக்கே தலைவரானார்.

தின்கரை வழியனுப்ப சிமன்லால் மாலையோடு விமான நிலையம் போயிருந்தார். வாசல் காவலரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“அதோ போறாரே, அவர் தொண்டையில இருக்கறது என் குரல். லண்டனுக்குப் போகுது!”

“அப்போ உங்ககிட்ட இருக்கறது?”

“அவரோடது. ரொம்ப நல்ல குரல்ப்பா. இது வந்தப்புறம்தான் அடுத்தவங்க பேசறது என் காதுல விழுது.”

காவலர் தலையாட்டிவிட்டு, வரிசைக்கு வழிவிட்டு நிற்கச் சொன்னார். அன்று செவ்வாய்க்கிழமை, சந்தை திறந்திருந்தது. அதனால் ஹன்சா பென் வரவில்லை.