குடித்தனக்காரனுக்கு ஒரு நல்ல வார்த்தை

வீட்டுக்காரர் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு அதிகாரம் செய்பவர் என்று நினைப்பவர்கள் அவளுடைய அப்பாவை வந்து பார்க்க வேண்டும். காலமெல்லாம் லாரி ஓட்டிக் கட்டிய வீடு. மாடியில் குடும்பம், கீழே வாடகைக்கு. அந்த வீட்டில் தன் வாசலைத் தாண்டவே குடித்தனக்காரனிடம் வழி கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார் மனிதர்.

கீழே இருந்தவன் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். தெருவுக்கே அவன் மெஷின்காரன். வரும்போது ஒரு பெட்டிக் கருவிகளோடுதான் வந்தான். பிறகு செத்த மெஷின்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. வெளி கேட்டிலிருந்து மாடிப்படி வரைக்கும் இருந்த ஒரே சந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றன. உடம்பை ஒருக்களித்து வயிற்றை எக்கினால்தான் நடக்க முடியும். எடுக்கச் சொன்னால் நாளைக்கு என்பான். அந்த நாளை வரவே இல்லை. அவன் பெண்டாட்டி அவனுக்கு மேல். மாடிக்குத் தண்ணீர் ஏற்றினால் மோட்டார் சத்தத்தில் தலை வலிக்கிறது என்று பாதியில் அணைத்துவிட்டுப் போவாள். அப்பா மறுபடி இறங்கி வந்து போடுவார், ஏதோ இவர்தான் தப்பு செய்தவர் போல.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட பிறகுதான் விஷயம் முற்றியது. இனி படி ஏறவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் படுக்கை இருந்தது மாடியில். ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் நாற்காலியில் உட்காரவைத்து அப்பாவும் பக்கத்து வீட்டுத் தச்சரும் தூக்கி இறக்குவார்கள். ஒரு தடவை நாற்காலி இரண்டு மெஷின்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தகரம் கிழித்து அம்மாவின் கணுக்காலில் ரத்தம் வழிந்தது. மெஷின்காரன் கதவோரம் நின்று பல் துலக்கிக்கொண்டே பார்த்தான்.

அன்றைக்கே மகள் கீழே போய் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். படித்தது கணக்கு, வேலை பார்ப்பது ஓர் ஆடிட்டரிடம். ஆனாலும் வீட்டில் அவள் பெயர் வக்கீல். வாய் அப்படி.

வேறு வீடு கிடைத்தால் போகிறோம் என்றான் மெஷின்காரன். நிஜமாகவே தேடவும் செய்தான். இரண்டு இடம் திகைந்தும் வந்தது. அங்கேதான் வக்கீல் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். புது வீட்டுக்காரர்கள், ஆள் எப்படி என்று விசாரிக்க வந்தார்கள். அவள் ஒன்றைக்கூட மறைக்கவில்லை. ஒருவரைச் சந்துக்கே கூட்டிப்போய்க் காட்டினாள். மனசு அப்படிக் குளிர்ந்தது அவளுக்கு. போகிறவனைப் போக விடலாமே என்று அப்பா முனகினார்.

"பொய் சொல்லச் சொல்றியாப்பா?" என்று அவர் வாயையும் அடைத்தாள்.

அவள் சொன்னதைத் தெரு சொன்னது, தெரு சொன்னதை அடுத்த தெரு சொன்னது. அதோடு மெஷின்காரனுக்கு எங்கேயும் வீடு இல்லை. அவனைத் துரத்தப் போனவளே அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் அவனே மாடிக்கு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தள்ளுவண்டியில் பழம் விற்கிற அம்மா ஒருத்தியின் வீடு காலியாம். ஞாயிற்றுக்கிழமை விசாரிக்க வருகிறாளாம்.

"உங்கப்பா பேச வேணாம். நீதான் பேசணும் பாப்பா. நீ வாயத் தொறந்தா ஊரே நம்புது. நல்லவங்கன்னு சொல்லு, மறு வாரம் போயிடறோம். நானும் பக்கத்துலயே நிப்பேன்."

"சொல்லலன்னா?"

"எங்களுக்கென்ன, இங்கயே நிம்மதியா இருந்துட்டுப் போறோம். அம்மாதான் பாவம்."

அவனைப் படியிலிருந்து உருட்டிவிட வேண்டும் போல அவளுக்குக் கை துறுதுறுத்தது. உள்ளே அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

பழக்காரம்மா சந்தில் ஒருக்களித்து நடந்துதான் மேலே வந்து சேர்ந்தாள். சொன்னபடி மெஷின்காரன் கதவில் சாய்ந்து நின்றான், பின்னால் அவன் பெண்டாட்டி. சண்டை சச்சரவு உண்டா, தண்ணீரைப் பார்த்துச் செலவு செய்வார்களா, பேச்சு எப்படி என்று அந்தம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கமானவர்கள் என்றாள். மண்ணைத் தின்பது போல இருந்தது. இவ்வளவு தங்கத்தை ஏன் வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேட்டபோது, அம்மாவுக்குக் கீழ்வீடு வேண்டும் என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன ஒரே நிஜம் அது. அதுதான் மற்ற பொய்களையெல்லாம் நம்பவைத்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாம்மா," என்றாள் பழக்காரம்மா. "விடியறதுக்குள்ள வண்டிய வெளிய தள்ளணும். வழி மட்டும் அடையக் கூடாது. கீழ வரிசையா நிக்குதே, அதெல்லாம் யாரோடது?"

மெஷின்காரன் வக்கீலையே பார்த்தான். அப்பா தன் கால் விரல்களைப் பார்த்தார்.

"எங்களோடதுதான் அக்கா. அப்பா பழசு வாங்கி விக்கிறாரு."

மெஷின்காரன் பெண்டாட்டிக்குத் திடீரென்று இருமல் வந்தது. பழக்காரம்மாவுக்கு முகம் தெளிந்தது. படித்த பெண் சொன்னால் போதும் என்று எழுந்துகொண்டாள்.

சொன்னபடி மறு வாரம் கிளம்பினார்கள். கட்டில், பாத்திரம், துடைப்பம் வரைக்கும் வண்டியில் ஏறியது. மெஷின்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

"அதெல்லாம் உங்களோடதாச்சே பாப்பா. நீதான சொன்னே. இருக்கட்டும், ஏதாவது பார்ட் வேணும்னா நான் வந்து கழட்டிக்கிறேன்."

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவள் பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் ஆட்களோடு வந்து அள்ளிக்கொண்டு போனார். சந்தைக் கழுவி, கீழ்வீட்டுக்கு வெள்ளையடித்து, அம்மாவைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள்.

சில நாள் கழித்து மெஷின்காரன் ஸ்பேனரோடு வந்து நின்றான். சந்து காலி. அவன் கண் பிதுங்கியது.

"மெஷினெல்லாம் எங்க?"

"எங்களோடதயா கேக்கறே? வித்துட்டோம்."

அவன் குதித்தான், போலீஸ் என்றான், அவள் பிறப்பையே இழுத்துப் பேசினான். பழக்காரம்மாவைக் கூட்டி வா, யாருடையது என்று அவளே சொல்லட்டும் என்றாள் வக்கீல். அவன் கேட்டை நோக்கி நடந்தான். போகிற போக்கில் திரும்பி நின்றான்.

"போனா போகட்டும். எனக்கு மெஷினுக்கா பஞ்சம்? நேத்தே நாலு வந்து எறங்கியாச்சு. அந்தம்மா வீட்டு வழி இதவிட அகலம்."

வக்கீல் கேட்டைச் சாத்தினாள். தெரியாமல் ஒன்றும் சொல்லவில்லை, தெரிந்துதான் சொன்னாள். பழக்காரம்மாவுக்கும் வாய் இருக்கிறது, அவளும் நாளைக்கு இவனை யார் தலையிலாவது கட்டட்டும் என்று வீம்பாக நினைத்துக்கொண்டாள். அந்த வீம்பு திரும்பி நடந்த நாலு அடிக்குக்கூடத் தாங்கவில்லை.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் சந்தில் மெதுவாக வந்துகொண்டிருந்தாள்.

"அந்தப் பழக்காரப் பொண்ணால ஆச்சுடி எல்லாம். இனிமே பழம் வாங்கினா அவகிட்டதான் வாங்கணும். ஒரு நாள் வண்டிய இந்தப் பக்கம் தள்ளிட்டு வரச் சொல்லேன்."

"அவங்களால வண்டிய வெளிய தள்ள முடியாதும்மா," என்றாள் வக்கீல்.