இந்தக் கடையை மூடியவர் யார்?

என் அண்ணனின் செருப்புக்கடைக்கு வந்தவர்கள் அளவு பார்க்க மட்டுமே வந்தார்கள். ஒவ்வொரு ஜோடியாகப் போட்டு நடந்து பார்ப்பார்கள். பொருந்தியதும் அவன் கண்ணெதிரிலேயே அதைக் கைபேசியில் மலிவாக வாங்கிவிட்டு, "தேங்க்ஸ்ணே" என்று கிளம்புவார்கள். கடையை மூடிய அன்று, இறக்கிய ஷட்டரில் சாய்ந்து அவன் அழுததை நான் படமெடுத்தேன். நான் புகைப்படக்காரி. "மூஞ்சி தெரியுதேடி" என்று தயங்கியவனைச் சம்மதிக்கவைத்து, அதை என் இணையதளத்தில் ஏற்றியதும் நானே. கீழே நிபந்தனையையும் எழுதியிருந்தேன்: என் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம், அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

தேர்தல் வந்தது. ஒரு வேட்பாளரின் தளத்தில் அப்படம் முளைத்தது. என் பெயர் இல்லை. மேலே, 'இந்தக் கடையை மூடியவர் யார்?' என்ற தலைப்பு. பழி எதிரணியின் மேல். அவருடைய ஆட்கள் ஒப்பாரி வைத்தார்கள். எதிரணியினர் அண்ணனுக்கு 'அழுமூஞ்சிச் செருப்பு' என்று பட்டம் சூட்டினார்கள். அவன் வாசற்படி தாண்டிப் பதினொரு நாள் ஆயிற்று.

வேட்பாளரின் விளம்பரப் பொறுப்பாளனை அழைத்தேன்.

"எங்க அண்ணன் படத்தை எடுத்துடுங்க தம்பி."

"நெட்ல கிடக்கறதுக்கெல்லாம் சொந்தக்காரங்க வேறயாக்கா? உங்க அண்ணனை ஃபேமஸ் ஆக்கியிருக்கோம். பார்ட்டி வைங்க."

சிரித்துக்கொண்டே துண்டித்தான்.

அவனுடைய சோம்பல் எனக்கு உதவியது. படத்தை நகலெடுத்துத் தன் தளத்தில் ஏற்றாமல், என் தளத்தில் அது இருந்த முகவரியை மட்டும் அங்கே ஒட்டியிருந்தான். எவர் பார்த்தாலும் படம் என்னிடமிருந்தே போய்க்கொண்டிருந்தது. அந்த முகவரியில் நான் எதை வைக்கிறேனோ அதையே அவர்கள் காட்டியாக வேண்டும்.

உடனே மாற்றவில்லை. வெள்ளிக்கிழமை மாலை இரு வேட்பாளர்களுக்கும் நேரலை விவாதம் இருந்தது. அதுவரை பழைய படங்களைத் துழாவினேன். மூன்றாண்டுகளுக்கு முன், இணையக் கடை ஒன்று ஊரெல்லையில் தன் பெருங்கிடங்கைத் திறந்தபோது படமெடுக்க என்னை அழைத்திருந்தார்கள். படங்களின் உரிமை எனக்கே என்று எழுதி வாங்கியிருந்தேன். அது என் வழக்கம்.

அந்த வேட்பாளர் மேடையேறியதும் என் தளத்தில் படத்தை மாற்றினேன்.

கால்மணி நேரம் பேசிய பிறகு, பின்னாலிருந்த பெருந்திரையில் தன் தளத்தைத் திறக்கச் சொன்னார். குரல் தழுதழுத்தது. "இந்தக் கடையை மூடினது யாரு? நீங்களே பாருங்க!"

பார்த்தார்கள். கிடங்கின் வாசலில், பல்லெல்லாம் தெரிய, அவரே ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். தலைப்பு மாறவில்லை. படத்தின் ஓரத்தில் என் பெயர் இருந்தது. அவர்கள் போட மறந்ததை நானே போட்டிருந்தேன்.

அரங்கம் சிரித்து முடிப்பதற்குள் அந்த விளம்பரத் தம்பி அழைத்துவிட்டான்.

"அக்கா, உங்க கால்ல விழறேன், பழைய படத்தையே வச்சுடுங்க!"

"உங்காளையும் ஃபேமஸ் ஆக்கியாச்சு தம்பி. பார்ட்டி எப்ப?"

இம்முறை நான் துண்டித்தேன். பக்கத்து அறையிலிருந்து அண்ணன் கேட்டான்.

"என் மூஞ்சி போயிடுச்சாடி?"

"போயிடுச்சுண்ணே."

பிறகு, வாசலில் அவன் தன் செருப்பைத் தேடுவது கேட்டது.