காலை வகுப்பும் மாலை வகுப்பும்

வரி வாத்தியாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சட்டக் கல்லூரியில் காலை வகுப்பில், வரித்துறை சொல்வதுதான் சரி என்று மேசையைத் தட்டிப் பாடம் எடுப்பார். மாலை வகுப்பில் அதே சட்டப் பிரிவை வைத்துக்கொண்டு, வரி கட்டுகிறவர் சொல்வதுதான் சரி என்று அதே மேசையைத் தட்டுவார். ஒரே பாடத்தை ஒரே நாளில் இரண்டு தரம் சொன்னால் தமக்கே தூக்கம் வருகிறது என்றுதான் இதை ஆரம்பித்தார். பிறகு அதற்குப் பயிற்சி முறை என்று பெயர் சூட்டி, பதவி உயர்வும் வாங்கிவிட்டார். இப்படியே முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போது வரித் தீர்ப்பாயத்திலிருந்து கடிதம் வந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு வரி இல்லை என்கிறது பதினேழாம் பிரிவு. தையல்காரம்மா ஒருவர் தன் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டிருக்கிறார். அது வீடா, கடையா? கடை என்றால் பழைய வரி பாக்கி மொத்தத்துக்கும் வீடு ஏலம் போய்விடும். பதினேழாம் பிரிவைக் கரைத்துக் குடித்தவர் என்ற முறையில் தாங்கள் வந்து கருத்துச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. வாத்தியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வழக்குக் கட்டுகளைக் கொடுக்க இரண்டு தரப்பு வக்கீல்களும் அவர் அறைக்கு ஒன்றாக வந்தார்கள். இருவருமே அவருடைய மாணவர்கள். வரித்துறை வக்கீல் காலை வகுப்பில் படித்தவர். தையல்காரம்மாவின் வக்கீல் மாலை வகுப்பில் படித்த பெண்.

"சார் சொன்னதை வார்த்தை மாறாம எழுதி வச்சிருக்கேன். மெஷின் போட்டா அது கடைதான்," என்று பழைய நோட்டை நீட்டினார் வரித்துறை வக்கீல்.

"சார் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாரு," என்று அந்தப் பெண்ணும் ஒரு நோட்டை எடுத்தாள். "ஆளு குடியிருந்தா அது வீடுதான்னு எங்க கிளாஸ்ல மேசையைத் தட்டிச் சொன்னாரு."

"ரெண்டும் நான் சொன்னதுதான்," என்று சிரித்தார் வாத்தியார்.

"அதுல எது சார் உங்க கருத்து?"

"தீர்ப்பாயத்துல சொல்றேன்," என்று அனுப்பிவைத்தார். கதவு சாத்தியதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. தமக்கென்று ஒரு கருத்து இருக்கிறதா என்று அவர் இதுவரை பார்த்ததே இல்லை.

மூன்று நாள் மண்டையைக் குடைந்துகொண்டார். வரித்துறைக்குச் சாதகமாக நாலு பக்கம் எழுதினால் அதுதான் சரி என்று பட்டது. தையல்காரம்மாவுக்குச் சாதகமாக நாலு பக்கம் எழுதியதும் இதுதான் சரி என்று பட்டது.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதை எழுதிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

"அதைத்தான் தேடிட்டிருக்கேன்."

"அப்போ இத்தனை வருஷம் என்னத்தைங்க சொல்லிக் குடுத்தீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. கோபம் கூட வரவில்லை, பயமாகத்தான் இருந்தது.

நேரில் பார்த்தால் தெளிவு பிறக்கும் என்று அந்த வீட்டுக்கே போனார். முன்னறையில் மெஷின்கள், ஆளுயரக் கண்ணாடி, தரையெல்லாம் நூல். துணி வெட்டும் மேசைக்கு அடியில் சுருட்டிய பாயும் தலையணையும் இருந்தன. படுப்பது இங்கேதானாம். வீடாக இருக்கும் என்று அவர் நம்பிய பின்னறையில் அடுப்பைச் சுற்றிலும் துணி மூட்டைகள். இருந்த கொஞ்ச நஞ்சத் தெளிவும் போயிற்று.

"இது போச்சுன்னா நான் எங்க சார் போறது?" என்றார் தையல்காரம்மா.

அவருக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் மனசு இளகுவது சட்டம் ஆகாது. அது ஒன்றைத்தான் அவர் இரண்டு வகுப்பிலும் மாற்றாமல் சொல்லியிருந்தார்.

தீர்ப்பாயத்தில் அவர் எழுந்து நின்றார். இரண்டு மாணவர்களும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியலைங்க," என்றார்.

"தெரியலைன்னா?" என்று கேட்டார் நீதிபதி.

"முப்பத்தொரு வருஷமா இதைச் சொல்லிக் குடுக்கிறேன். ரெண்டு பக்கமும் சரின்னுதான் படுது. நிஜமா எது சரின்னு எனக்குத் தெரியலை."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாத்தியாருக்குக் காது சுட்டது. உட்கார நாற்காலியைத் தேடினார்.

நீதிபதி வெகுநேரம் எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "வரிச் சட்டத்துல சந்தேகம் வந்தா, அதோட பலன் வரி கட்டுறவங்களுக்குத்தான். பாடம் எடுத்தவருக்கே விளங்காத பிரிவைவிடப் பெரிய சந்தேகம் என்ன இருக்கு? இது வீடுதான். வரி கிடையாது."

அந்த விதி வாத்தியாருக்குத் தெரியாததல்ல. முதல் வருஷ மாணவர்களுக்கு முதல் வாரமே அவர் நடத்துகிற பாடம் அது.

வெளியே தாழ்வாரத்தில் வரித்துறை வக்கீல் அவரைப் பார்க்காதது போலக் கடந்து போனார். தையல்காரம்மா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் ஈரம்.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? உங்களுக்கு நிஜமாவே தெரியாதா? இல்ல, அப்படிச் சொன்னா எனக்கு வீடு கிடைக்கும்னு சொன்னீங்களா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார் வாத்தியார். எழுந்து நின்ற அந்த நொடியில் அந்த விதி தம் நினைவில் இருந்ததா, இல்லையா? எத்தனை யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. கையை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்தார்.