என் இடது காதும் மாப்பிள்ளையின் மூக்கும்

கொரோனா என் வீட்டு வாசலுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே என் இடது காது மடலுக்குத் தகவல் வந்துவிடும். முதலில் குறுகுறுக்கும், பிறகு சிவக்கும். அந்தச் சிவப்பைப் பார்த்து ஒருமுறை எதிரே வந்த லாரியே நின்றுவிட்டது. டிரைவர் வேறு ஏதோ காரணம் சொன்னார். அது அவர் அபிப்பிராயம்.

இதுவரை ஆறு முறை எனக்கு வந்து போயிருக்கிறது. மூன்று ஊசியும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டவனிடம் அதன் ஜம்பம் பலிக்குமா? இரண்டு நாள் காய்ச்சல், மூன்று நாள் இருமல், ஒரு வாரத்துக்கு எதைத் தின்றாலும் அட்டைப்பெட்டி ருசி. அவ்வளவுதான். ஆறு முறையும் காதுதான் முதலில் சொன்னது. வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டு அலுத்து ஒப்புக்கொண்டுவிட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் மசியவில்லை. அவர் பரிசோதனைக்கூடத்தில் டெக்னீஷியன். தினமும் நூறு மூக்குகளில் குச்சி விடுகிறவர்.

"காதுக்கெல்லாம் வைரஸ் தெரியாது மாமா. கொசு கடிச்சிருக்கும்" என்பார்.

இந்தத் தடவை விஷயம் விளையாட்டில்லை. என் பேத்தி இரண்டு மாதம் முந்திக்கொண்டு பிறந்தவள். ஒன்றரை மாதமாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வாசம். கூட என் மகளை மட்டும் தங்கவிட்டார்கள். பெற்ற அப்பாவான மாப்பிள்ளையே குழந்தையைச் செல்போனில்தான் பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்ற டாக்டர், கையோடு ஒரு குண்டையும் போட்டார்: "உங்களுக்கு வந்தா வெறும் தும்மல். இவளுக்கு வந்தா மறுபடியும் பெட்டிதான்."

மாப்பிள்ளை உடனே சட்டம் போட்டார். புதன், வியாழன், வெள்ளி, மூன்று காலையும் கிட் வைத்துச் சோதனை. பிரிட்ஜ் கதவில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட தாள் ஒன்று ஏறியது.

புதன் காலை என் காது குறுகுறுத்தது.

குச்சி விட்டார். ஒரே கோடு. "பார்த்தீங்களா? கொசு" என்றார்.

எனக்குச் சமாதானமாகவில்லை. நான் முப்பத்து மூன்று வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்தவன். சந்தேகம் எனக்குச் சம்பளத்தோடு வந்தது, பென்ஷனோடும் போகவில்லை. எனக்கு இல்லையென்றால் இந்த வீட்டில் வேறு யாருக்கோ இருக்கிறது. மனைவிக்கும் ஒரே கோடுதான். ஆனாலும் அவள் மேல் கண் வைத்தேன். அலமாரி துடைக்கும்போது இரண்டு தும்மல். நான் குறித்துக்கொண்டேன்.

"என்னங்க, காலைலேர்ந்து என் மூக்கையே பார்க்கறீங்க? நாப்பது வருஷமா இல்லாத ஆசை!"

"ஆசையெல்லாம் இல்ல. விசாரணை."

"தூசிக்குத் தும்மறேன். வேணும்னா நீங்க துடைங்க" என்று துணியை என் கையில் திணித்தாள். அந்த விசாரணை அத்தோடு முடிந்தது.

வியாழக்கிழமையும் எங்கள் இருவருக்கும் ஒரே கோடு. காதோ தக்காளி நிறத்துக்கு வந்திருந்தது.

வெள்ளி காலை ஒன்பது மணி. மூன்றாவது முறையும் ஒரே கோடு. மாப்பிள்ளை தாளில் கடைசி டிக் போட்டுவிட்டு, சமையலறை ஜன்னல் ஓரமாக நின்று வெந்நீர் குடித்தார். வெளியே ஒரு சுவரைத் தவிர ஒன்றுமில்லை. அதை அப்படி ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. டிக்கெட் இல்லாதவன்தான் இப்படி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

தாளுக்குப் போனேன். என் பேர் இருந்தது. மனைவி பேர் இருந்தது.

"மாப்பிள்ளை, இதுல ஒரு பேரு குறையுதே?"

"வீட்ல நீங்களும் அத்தையும்தானே மாமா?"

"அப்ப நீங்க யாரு, வழி கேக்க வந்தவரா?"

"நான் டெஸ்ட் எடுக்கறவன் மாமா."

"அடுத்தவங்களுக்கு. உங்களுக்குக் கடைசியா எப்போ எடுத்தீங்க?"

வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார். "நான்தான் நாள் முழுக்க மாஸ்க்ல இருக்கேனே" என்றார். குரல் கரகரத்தது.

"தொண்டைக்கு என்ன மாப்பிள்ளை?" என்றாள் மனைவி.

"லேப் ஏசி, அத்தை."

"ஏசியோ கீசியோ, மூக்கைக் காட்டுங்க" என்று அவளே கிட்டைப் பிரித்துவிட்டாள்.

நூறு மூக்கு பார்த்தவர் தன் மூக்குக்கு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "மெதுவா, மெதுவா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முதல் கோடு வந்தது. சற்று நேரத்தில் பென்சிலில் கிழித்தது போல இரண்டாவதும் வந்தது. கிட் பழசு என்றார். புதிதாக ஒன்றைப் பிரித்தார். அதில் இரண்டாவது கோடு முதலாவதைவிட அவசரமாக வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். துவைத்து மடித்து வைத்திருந்த குட்டிப் போர்வை எதிரே மேசைமேல் இருந்தது. அதைத் தொடப் போன கை பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது. நான் கேலி செய்யத்தான் வாயெடுத்தேன். ஆனால் கை போனை எடுத்தது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் போட்டேன். வீட்டில் யாரும் பாக்கியில்லாமல் தேறும்வரை, இன்னும் பத்து நாள், தாயும் குழந்தையும் அங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். நல்லவேளை, அவர்களைக் கூட்டிவர இன்னும் கார் கிளம்பவில்லை.

மாப்பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டுக்கொண்டு, மகளைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அவருக்குன்னு எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க?"

"புதன்கிழமையே என் காது..."

"அப்பா! இங்க நான் அழுதுட்டிருக்கேன், காதுக் கதை சொல்லாதீங்க. ஏங்க, நீங்க சொல்லுங்க. நிஜமா என்ன நடந்துச்சு?"

கதவுக்குப் பின்னால் நீண்ட இருமல்.

"மாமா சொல்றது நிஜம்தான்" என்றது அந்தக் கரகரத்த குரல். "புதன்கிழமை காலைல காது செக்கச்செவேல்னு இருந்துச்சு. நானே பார்த்தேன். அது கொசு இல்ல."