ஐந்தாவது உத்தரவு

வெண்டல் ஸ்ப்ரேக் பெல்டன் ஊரின் சாலைப் பணியில் முப்பத்தோரு வருஷம் உழைத்தவன். பனிக்காலத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுவான். மற்ற நாளில் சரிந்த கல்சுவரை எடுத்துக் கட்டுவான். யாராவது செத்தால் குழி வெட்டவும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயது வரை அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அதற்கப்புறம் செவ்வாய்தோறும் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொண்டான். இப்போது ஐம்பத்தெட்டு. இரண்டு முழங்காலும் போய்விட்டன.

அந்த வருஷம் ஊருக்கு இருநூற்றைம்பது வயது நிறைந்தது. ஊர் தொடங்கியபோது இங்கே குடியிருந்தவர்களின் வாரிசுகள் ஊர்வலத்தில் முதல் வரிசையில் நடக்கலாம் என்று விழாக் குழு அறிவித்தது. வெண்டல் பெயர் கொடுத்தான். குழுத் தலைவி கான்ஸ்டன்ஸ் பார்ட்லெட் மரியாதையாகவே பேசினாள். நிலப் பத்திரம், தேவாலயப் பதிவு, வரிப் பட்டியல், இதில் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றாள். சொல்லும்போது உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு வெண்டலுக்குப் புதிதில்லை. "நாங்க முதல் நாள்லேருந்தே இங்கதான்" என்று அவன் அப்பா மதுக்கடையில் சொல்லும்போதெல்லாம் ஊர் அப்படித்தான் சிரித்தது. அவர் சாகும்வரை அதை நிறுத்தவில்லை. அவருக்குக் குழி வெட்டியவனும் வெண்டல்தான். அந்த ஒரு பேச்சையாவது மெய்யாக்கிவிட வேண்டும் என்று அவனுக்கு இருந்தது.

மதிய இடைவேளைகளில் ஊர் மன்றத்தின் கீழ்த்தளத்துக்குப் போனான். எழுத்தர் டோரீன் அவனோடு பள்ளியில் படித்தவள்.

"என்ன வெண்டல், உங்க வம்சத்துக்கு அரண்மனை ஏதாச்சும் வரவேண்டியிருக்கா?"

"அரண்மனைன்னுதான் பூட்ஸைக் கழட்டிட்டு வந்திருக்கேன். பழைய பதிவுப் பெட்டியைக் குடு."

பிறப்புப் பதிவுகளைப் பிடித்து ஏழு தலைமுறை ஏறினான். உச்சியில் ஏசா ஸ்ப்ரேக் என்று ஒரு பையன். தாய் பெயர் மெஹிட்டபிள். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்த மெஹிட்டபிள் பேரில் நிலம் இல்லை. வரிப் பட்டியலில் இல்லை. தேவாலயத்திலும் அவளைச் சேர்க்கவில்லை. பழங்காலக் கையெழுத்து கோழி கிண்டிய மண் மாதிரி இருந்தது. டோரீனே திணறினாள். அதில் வெண்டலுக்கு ஒரு திருப்தி. அந்தக் காகிதத்தின் முன்னால் படித்தவளும் அவனும் ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் வேறொரு கட்டு கிடைத்தது. காவலர் உத்தரவுகள். கையில் காசில்லாமல் யாராவது ஊருக்குள் வந்தால், பின்னால் அவர்களுக்குச் சோறு போடும் பொறுப்பு ஊர்த் தலையில் விழாமலிருக்க, பதினாலு நாளில் வெளியேறு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மெஹிட்டபிளுக்கு அப்படி ஓர் உத்தரவு, ஊர் பிறந்த வருஷமே. மறுவருஷம் இன்னொன்று. ஒன்பது வருஷத்தில் மொத்தம் நான்கு. நான்கின் அடியிலும் காவலர் ஒரே வாசகத்தை எழுதியிருந்தார்: "இதன் நகலை அவள் வழக்கமாகக் குடியிருக்கும் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்." கையொப்பம், பார்ட்லெட்.

வெண்டல் விரலை வைத்து அந்த வரியை மூன்று தடவை படித்தான். போ என்று நான்கு தடவை சொல்லியிருக்கிறார்கள். அவள் போகவில்லை.

குழுக் கூட்டத்தில் நகல்களை மேசைமேல் பரப்பினான். கான்ஸ்டன்ஸ் தன் முன்னோர் கையொப்பத்தைப் பார்த்ததும் முதலில் மலர்ந்துபோனாள். மேலே படிக்கப் படிக்க முகம் மாறியது. இது மெஹிட்டபிள் ஊர்க்காரி இல்லை என்பதற்கல்லவா சாட்சி என்றாள். சட்டப்படி அந்தப் பெண்ணை இந்த ஊர் ஏற்றுக்கொள்ளவே இல்லையே.

"ஏத்துக்கிட்டாங்களான்னு நீங்க கேக்கலையே, மேடம். குடியிருந்தாங்களான்னுதானே கேட்டீங்க. உங்க பெரியவர் நாலு தடவை நடந்துபோய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டியிருக்கார். அது யார் வீடு?"

பிறகு வாக்கெடுத்தார்கள். ஐந்துக்கு இரண்டு என்று தள்ளுபடி. பொதுமக்களோடு கயிற்றுக்கு வெளியே நின்று அவன் விழாவைப் பார்க்கலாம் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

விழாவன்று காலை வெண்டல் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய், முதல் வரிசையின் ஓரத்தில் நின்றான். குனிந்ததில் முழங்கால் உயிரை எடுத்தது. காட்டிக்கொள்ளவில்லை. வரிசையில் இருந்தவர்கள் சாலையைப் பார்த்தார்கள், வானத்தைப் பார்த்தார்கள். கான்ஸ்டன்ஸ் விறுவிறுவென்று வந்தாள்.

"வெண்டல், முடிவு உங்களுக்குத் தெரியும். தயவுசெஞ்சு வெளிய போயிடுங்க."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினான்.

"எழுதிக் குடுங்க, மேடம். இன்னைக்குத் தேதி போட்டு, போகச் சொன்னேன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போடுங்க. என் வீட்டு விலாசத்தையும் மறக்காம எழுதுங்க. இருநூறு வருஷம் கழிச்சு என் பேத்தி வழியில யாராவது வந்து தேடுவாங்க. அவங்களுக்கு வேணும்."

கான்ஸ்டன்ஸ் பேனாவைப் பார்த்தாள். வாங்கவும் இல்லை, விலகவும் இல்லை. கூட்டத்திலிருந்து டோரீன், "நல்லாப் புரியற எழுத்தா எழுதுங்க, கான்ஸ்டன்ஸ். போன தடவை ரொம்பக் கஷ்டப்பட்டோம்" என்றாள்.

முரசு கொட்டத் தொடங்கியது. வரிசை நகர்ந்தது. வெண்டல் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காலை லேசாக இழுத்தபடி, வரிசையோடு நடந்தான்.