பசை தடவிய பக்கம்

கிராம்பு போட்டுக் காய்ச்சிய மாவுப்பசை ஆறிக்கொண்டிருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க அம்மா இருந்தவரை அப்படித்தான் காய்ச்சுவாள். அந்த வாசனையில் லெட்டி கொஞ்ச நேரம் வேலை மறந்து நின்றாள்.

நாளை மாநிலத் தலைநகர் மாண்ட்கமரியிலிருந்து ஆவணக் காப்பகத்தார் வருகிறார்கள். அதற்குள் செனட்டராக இருந்து மறைந்த அப்பாவின் காகிதங்களை ஆல்பத்தில் ஒட்டியாக வேண்டும். ஒட்டுவது லெட்டி. அதிகாரம் பண்ணுவது அண்ணன் ஹோரஸ்.

ஆனால் அந்த வீட்டுக் காகிதம் எதற்கும் இரண்டு முகம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அலபாமாவில் காகிதமே கிடைக்கவில்லை. தென்மாநிலப் படையில் இருந்த அப்பாவுக்கு அம்மா சுவர்த்தாளைக் கிழித்து அதன் பின்புறம் கடிதம் எழுதினாள். போரில் தோற்று, அப்பா அரசியலில் ஏறி, வீட்டில் காகிதம் குவிந்த பிறகும் அவள் கை மாறவில்லை. அவர் மேடையில் பேசி முடித்துப் போட்ட தாளைத் திருப்பிச் சமையல் பக்குவம் எழுதிவிடுவாள்.

"இது முதல் பக்கத்துல வரணும்," என்றார் ஹோரஸ். "அப்பாவோட மாண்ட்கமரிப் பேச்சு. கடைசித் தாள், கையெழுத்தோட."

கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறிக்கச் சொன்ன பேச்சு. அன்று லெட்டியும் கை தட்டினாள். தேர்தல் நாளில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வாசல் வழியே வாக்களிக்கப் போகும் கறுப்பினத் தோட்டக்கார ரான்சமை அதற்குப் பிறகு அந்தக் கோட்டில் அவள் பார்த்ததில்லை.

தாளைத் திருப்பினாள். அத்திப்பழ ஜாம் பக்குவம், அம்மாவின் எழுத்தில். அடியில், 'லெட்டிக்கு இஞ்சி பிடிக்கும். கூடப் போடு.' அத்தனை பெட்டிக் காகிதத்தில் அவள் பெயர் இருந்த ஒரே இடம்.

"ஒட்டாமலே கொடுத்தா என்னண்ணா? ரெண்டு பக்கமும் தெரியுமே."

"செனட்டர் முதுகுல ஜாம் ஒழுகுதுன்னு ஊர் சிரிக்கவா? காப்பகத்துல எவன் நக்கப் போறான்?"

"ஜாம் ஜாடிக்குள்ள கையை விட்டு மாட்டிக்கிட்டவன்தானே நீ?"

"அது நீ."

"கை மாட்டினது உனக்கு. அடி விழுந்தது எனக்கு."

இருவரும் சிரித்தார்கள். செப்புப் பாத்திரத்தில் பாகு கொதிக்க, மேலே வரும் நுரையைச் சாசரில் வழித்து இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா வைக்கும் அந்த ஆகஸ்ட் மாதங்கள் சமையலறைக்குள் வந்துபோயின. ஹோரஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பைப் புகைக்க வெளியே போனார்.

லெட்டி தூரிகையை எடுத்தாள். அப்பாவின் சாய்ந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பசைக்குள் மங்கின. ஜாம் பக்கம் மேலே தெரியத் தாளை ஆல்பத்தில் கவிழ்த்து, அம்மா செய்வதுபோல் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவினாள். ஈரத்தில் அடியிலிருந்து அப்பாவின் கையெழுத்து மட்டும் லேசாகத் தெரிந்தது.

திரும்பி வந்த ஹோரஸ் பார்த்துவிட்டார்.

"இன்னும் ஈரம்தான். இப்பவே பிரிச்சா வந்துடும்."

"பிரிச்சா ரெண்டும் கிழியும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் படித்தார்.

"இஞ்சி எனக்குத்தானே பிடிக்கும்?" என்றார் கடைசியில்.

"உன் பேரு எங்கே இருக்கு, காட்டு," என்றாள் லெட்டி. தாளின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.